ஏகாம்பரம் என்கிற யோனத்தான்

இன்று பதினோரு மணித் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. மேலே வட்டாட்சியர் அலுவலக முத்திரை, உள்ளே தட்டச்சில் ஒரே ஒரு தாள். அதன் முதல் வரியை இதற்குள் பத்துப் பதினைந்து முறை படித்திருப்பேன். 'திரு. ஏகாம்பரம் என்கிற யோனத்தான், வரலாற்று விரிவுரையாளர்' என்று அது தொடங்குகிறது. ஐம்பத்து நான்கு வயதில், முதல் தடவையாக, இந்த அரசாங்கம் என்னை அந்தப் பெயரால் அழைத்திருக்கிறது. மறுபடி எடுத்துப் படிக்கிறேன். அச்சத்தால் அல்ல என்பதை நீ ஒருவன்தான் உடனே புரிந்துகொள்வாய்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "புரொமோஷனா? மொகம் இப்படி மின்னுது" என்றாள்.

"அதைவிடப் பெரியது" என்றேன். வாங்கிப் படித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மீதி வரிகளில் இருப்பது இதுதான்: நான் பிறப்பால் கிறிஸ்தவன் என்று தெரியவந்திருப்பதால், என் இந்து ஆதிதிராவிடர் சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். சான்றிதழ் போனால் வேலை போகும். ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன.

அது கிடக்கட்டும். நீ அந்த 'என்கிற' என்ற சொல்லைப் பார். காவல் நிலையத்துக் குற்றப்பட்டியலில் திருடர்களுக்கு இடையில் போடும் சொல் அது. இங்கே அது பொருத்தமாகத்தான் விழுந்திருக்கிறது. உன் மகள் ரூத்தின் வேலையைக் காப்பாற்றுவதற்காகப் போன மாதம் உன் பெயரை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகளாக மண்ணுக்குள் இருக்கும் உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எப்படி நடந்தது என்பதை வேறு எவனோ சொல்லி நீ அறியக் கூடாது. ஆகையால் நானே எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் அந்தப் பெயர் ஒரே காலையில், ஒரே செம்புத் தண்ணீரில் வந்தது. நம் சபையில் குருவானவரை ஐயர் என்போம். அதைக் கேட்டு ஊர்க்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஐயர் காஞ்சிபுரத்திலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை மாட்டு வண்டியில் வந்து, அந்த ஆறு மாதங்களுக்குள் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒன்றாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு மாலையே திரும்பிவிடுவார். பெயரைத் தாய்மார் யோசித்து வைத்திருக்க வேண்டும். யோசிக்காதவளின் பிள்ளைக்கு அன்றைய பிரசங்கத்தில் வந்த பெயரே பெயர். அன்று பிரசங்கம் யோனத்தான் என்ற ராஜகுமாரனைப் பற்றியது. யோசிக்காமல் வந்த தாய்மார் இருவர்: உன் அம்மா, என் அம்மா.

நம் தகப்பன்மார் இருவரும் வளர்ந்த பிறகு மதம் மாறிக் கோயிலுக்கு வந்தவர்கள். பழைய பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. இருவருமே முனுசாமி. ஐயர் போன பிறகு துண்டுக் காகிதங்களைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய உபதேசியார், 'யோனத்தான், தகப்பன் முனுசாமி' என்று அடுத்தடுத்து இருமுறை எழுதியிருப்பதைக் கண்டார். ஒருவனையே இரண்டு தடவை எழுதிவிட்டோம் என்று முடிவு செய்து, கீழே இருந்ததை அடித்துவிட்டார். பிற்பாடு அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் திருத்தவில்லை. அடுத்த வருகையில் ஐயர் கையொப்பம் இட்டுவிட்ட பக்கத்தில் மறுபடி கை வைக்க அவருக்குப் பயம். அடிபட்டது யார் என்று நமக்குள் ஆயுள் முழுவதும் வழக்கு நடந்தது.

"மேல கீறவன் நானு. அடிச்சது உன்னத்தான். அதான் நீ ஏகாம்பரமா பூட்ட" என்பாய் நீ.

ஏகாம்பரம் என் பள்ளிக்கூடப் பேர். நம் தெருவில் எல்லோருக்கும் அப்படி இரண்டு பேர் உண்டு. கோயிலில் தாவீது, பள்ளியில் தாமோதரன். கோயிலில் பெஞ்சமின், பள்ளியில் பெருமாள். பள்ளிக்கூடத்திலும் தாலுகா ஆபீசிலும் கிறிஸ்தவப் பெயரைச் சொன்னால், ஆதிதிராவிடர் பட்டியலில் இடமில்லை, உதவித்தொகை இல்லை, வேலை இல்லை. உனக்கும் உன் அப்பா ஏழுமலை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மற்றவர்களுக்கெல்லாம் அது வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் சட்டை. உனக்கு மட்டும் அது உடம்பில் ஒட்டவே இல்லை.

வாலாஜாபாத் உயர்நிலைப் பள்ளியில் நம் எட்டாம் வகுப்பு வாத்தியார் வருகைப் பதிவு எடுத்த முதல் நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு குலுங்குகிறது. "ஏழுமலை" என்றார். நீ பேசாமல் இருந்தாய். "ஏழுமலை வரவில்லையா?" என்றார்.

"வரல சார்" என்றாய் நீ.

"நீ யார்?"

"யோனத்தான் சார்."

"அப்போ ஏழுமலை எங்கே?"

"தெரியாது சார். நானும் பாத்ததே இல்ல."

வகுப்பே உருண்டு சிரித்தது. உன் உள்ளங்கையில் பிரம்பு விழுந்தது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே பிரம்பு. ஒரு வாரத்தில் அவர் சலித்துப் போய், ஏழுமலைக்கு நேரே தினமும் வரவில்லை என்று ஒரு 'வ' போடத் தொடங்கினார். நீ ஓராண்டு முழுவதும் மூன்றாம் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். ஏட்டின்படி ஒரு நாளும் வரவில்லை. வருகை நாட்கள் போதவில்லை என்று உன்னை மேல்வகுப்புக்கு அனுப்பவில்லை. நீ புத்தகங்களை என் கையில் கொடுத்துவிட்டுப் படப்பையில் ஒரு சைக்கிள் கடைக்கு வேலைக்குப் போனாய். நான் தினமும் எழுந்து நின்று, ஏகாம்பரத்துக்காக, உரக்க, "உள்ளேன் ஐயா" என்றேன். அந்தக் குரல் என்னைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கேதான், ஒரு மழைக்காலத்து முற்பகலில், நூலகத்தின் கடைசி அலமாரியில் எபிரேய அகராதி ஒன்றைக் கண்டுபிடித்தேன். பாடத்துக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயரைத் தேடினேன். 'யோ' என்பது கடவுளின் பெயர்ச் சுருக்கம். 'நத்தான்' என்றால் கொடுத்தார். கடவுள் கொடுத்தார்: அவ்வளவுதான் பெயர். அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. நம் தெருக் கோடி வீட்டு நத்தானியேல் மாமாவின் பெயரும் அதே பொருள்தான். முன்பின்னாகத் திருப்பிப் போட்டது. நூலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மதிய வகுப்பை விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். படப்பையில் இறங்கி, மழையில் நனைந்துகொண்டு கடைக்கு ஓடிவந்தேன். நீ ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தாய். மூச்சிரைக்கச் சொன்னேன்.

நீ டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நத்தானியேல் மாமாவும் நம்ம பேருதானா? அந்தாளு பீடிக்கு நெருப்பு கேட்டாலே இல்லன்றவரு. அவரு பேருல குடுத்தாருன்னு கீதா?" என்று சொல்லி அப்படிச் சிரித்தாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "கடவுள் குடுத்தாரு, சரி. உன்னுத யாருகிட்ட குடுத்துட்டு வந்த?"

நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் முழு வழியும் எனக்குள்ளே பாடிக்கொண்டு வந்தேன். ஒரு வசையை வாங்கிக்கொண்டு ஒருவன் அவ்வளவு மகிழ்ச்சியாகத் திரும்பியதை நான் வேறெங்கும் அறியேன்.

ஒரகடம் கூட்ரோட்டில் நீ சொந்தக் கடை போட்டாய். வாடகைக்கு நான்கு சைக்கிள். பெயர்ப் பலகையில் சிவப்புக் கட்டை எழுத்தில் 'யோனத்தான் சைக்கிள் மார்ட்'. பலகையை ஏற்றிய அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாடா பேரு இது, வெள்ளைக்காரன் பேராட்டம்" என்றார். நீ ஏணியின் மேலிருந்தே சொன்னாய்: "வெள்ளைக்காரனுக்கும் எரவல் பேருதான் பெரியவரே. அவனும் எரவல் வாங்கனான், நாங்களும் எரவல் வாங்கனோம். அவன் திருப்பிக் குடுத்துட்டானா இன்னா?" அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் ஏணியை விட்டுவிட்டேன். நீ பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய்.

நீ கட்டிக்கொண்ட எஸ்தர் அண்ணியோடு மட்டும் உன்னால் அப்படி வாயாடி ஜெயிக்க முடியவில்லை. பள்ளிக்கூடப் பேர் அவளுக்கு ஈஸ்வரி. ரூத்துக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்று பிறந்தபோதே சொல்லிவிட்டாள். "வேல கெடச்சப்புறம் குடுத்துக்கலாம். தண்ணி எங்கயும் ஓடிப் போவாது" என்றாள். நீ செங்கல்பட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நாளில் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துப் போய், ருக்குமணி, தகப்பன் பெயர் ஏழுமலை, இந்து என்று எழுதி வைத்துவிட்டு வந்தாள். நீ வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் சமாதானம் பேச வந்தபோது அண்ணி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அவரு பேரு அவருக்கு சோறு போட்டுச்சா தம்பி? எட்டாவதோட நிறுத்துச்சு. எம் பொண்ணு டீச்சராவணும்." நீ வாசலில் நின்றுகொண்டு, "உனுக்கு ஏழுமலையத்தான் புடிச்சா அவனையே கட்டிக்கினு இருந்திருக்கலாமே" என்றாய். அவளும் சிரித்துவிட்டாள். ஆனால் பள்ளி ஏட்டில் எழுதியது எழுதியதுதான். வீட்டில் நீ ரூத்து என்றாய். வெளியில் அவள் ருக்குமணி ஆனாள்.

ருக்குமணி டீச்சரும் ஆனாள். படப்பை அருகே அரசுப் பள்ளியில் வேலை. நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் போனாய். போன தை மாதம் தாலுகா ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. அவள் தகப்பன் ஏழுமலை அல்ல, யோனத்தான். கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். ஆகவே அவள் சான்றிதழ் பொய், அந்த வேலை தன் இனத்தார் ஒருவருக்கு வந்திருக்க வேண்டியது என்று கடிதம் சொன்னது. எழுதியவன் யார் என்பது எனக்குத் தெரியும். இந்த மடலில் ஒருவனுக்காவது பெயர் இல்லாமல் இருக்கட்டும்.

நான் கத்தவில்லை. கத்துகிற கோபத்தை என்றோ கடந்து வந்துவிட்டேன். இப்போது என்னிடம் இருப்பது வேறு வகை. அதை வைத்துக்கொண்டு ஒருவன் நிதானமாகத் திட்டம் போடலாம். கூட்ரோட்டு டீக்கடையில் உனக்கு வைத்திருந்த தனி கிளாஸை நினைத்துக்கொண்டேன். யோனத்தானுக்கும் அதே கிளாஸ்தான், ஏழுமலைக்கும் அதே கிளாஸ்தான். டீக்கடைக்காரன் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டதில்லை. ஊர்க் கிணற்றில் உன் கயிறு இறங்கக் கூடாது என்றவர்கள் உன் வேதத்தை விசாரித்ததில்லை. உன்னை இழிவு செய்யும்போது ஒருவருக்கும் தோன்றாத சந்தேகம், உன் மகளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தவுடன் சட்டத்துக்குத் தோன்றிவிட்டது.

ரூத்து சென்னைக்கு என்னைத் தேடி வந்தாள். "அம்மா உங்கள வரச் சொன்னாங்க சித்தப்பா. தாசில்தாரு நம்ம தெருவுக்கே வந்து விசாரிக்கப் போறாராம். நீங்க காலேஜ்ல இருக்கீங்க, நீங்க சொன்னா நம்புவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா பேரு யோனத்தான் இல்லன்னு சொல்லணும்."

விசாரணை நாளன்று முதல் பஸ்ஸில் வந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே உன்னிடம் வந்தேன். கல்லறையில் அண்ணி எனக்கு முன்பே இருந்தாள். உன் தலைமாட்டு மரச் சிலுவையை மடியில் சாய்த்துவைத்துக் கத்தியால் பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"போவ மாட்டேங்குது பாரு தம்பி" என்றாள். "நல்ல பெயின்ட்டு. சைக்கிளுக்குன்னு அவரே வாங்கி வெச்சது."

நான் அவள் கையிலிருந்து கத்தியை வாங்கினேன். மீதி எழுத்துக்களைச் சுரண்டியது நான். கடைப் பலகையை அவள் ஏற்கெனவே கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தாள்.

தாசில்தார் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். இளைஞர்; கெட்டிக்காரர்; மரியாதையாகப் பேசினார். அவர் கேட்டபடியே புதிய ஐயர் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணப் பதிவேட்டைக் கரையான் முழுக்கத் தின்றிருந்தது; ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் என்ன காரணத்தாலோ விட்டுவைத்திருந்தது. தெருவே கூடியிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் அண்ணி சொல்லி வைத்திருந்தாள்.

"இந்தத் தெருவில் யோனத்தான் என்று யாராவது இருந்ததுண்டா?" என்றார் தாசில்தார்.

உன் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "அந்த மாதிரி பேரெல்லாம் இங்க கெடையாது சார். நாங்கள்லாம் இந்து."

"உங்க பேர்?"

"பெருமாள் சார்."

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "யோவ் பெஞ்சமினு, தொறவுகோல இடுப்புல சொருவிக்கினு வந்துட்டியே, வூட்ட யாரு தொறக்கறது?"

பெஞ்சமின் திரும்பவே இல்லை, பெருமாளாகவே நின்றார். ஆனால் அவர் கை தானாக இடுப்புக்குப் போய்ச் சாவியை எடுத்துப் பின்பக்கமாக நீட்டியது. தாசில்தார் கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்தார். தெரு முழுவதும் தலை குனிந்தது. ஒரு கணம் எனக்கும் நீ இருந்தால் எப்படிச் சிரித்திருப்பாய் என்றுதான் தோன்றியது. மறுகணம் தாசில்தார் முகம் மாறிவிட்டது.

"ஏழுமலையைக் கிறிஸ்தவக் கல்லறையில் ஏன் புதைத்தீர்கள்?" என்று அண்ணியைக் கேட்டார்.

"எங்க தெருவுக்கு இருக்கறது அது ஒண்ணுதான் சார். இந்து செத்தாலும் அங்கதான், வேதக்காரன் செத்தாலும் அங்கதான். வேற எடம் நீங்க குடுக்கலியே" என்றாள் அண்ணி. அதை அவர் எழுதிக்கொண்டார்.

பிறகு பதிவேட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பினார். வாழ்நாளில் முதன்முறையாக அதைக் கண்ணால் பார்த்தேன். மேலே யோனத்தான், கீழே ஒரு கோட்டுக்கு அடியில் யோனத்தான். மை பழுப்பேறியிருந்தது. எனக்குள் ஏதோ துள்ளிக் குதித்தது. நாம் இருவரும் அங்கே இருந்தோம், ஒருவர் மேல் ஒருவர், பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்ததுபோல.

"ஏழுமலை இவன் இல்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். சரி" என்றார் தாசில்தார். "ஆனால் முனுசாமிக்கு ஒரு யோனத்தான் பிறந்திருக்கிறான். இந்தத் தெருவில்தான் பிறந்திருக்கிறான். ஏழுமலை இல்லையென்றால் அவன் எங்கே போனான்? அதைச் சொன்னால் நான் கோப்பை மூடிவிடுகிறேன்."

ரூத்து சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். 'அப்படி ஒருவன் இல்லை' என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அந்தப் பொய்யை இந்தக் காகிதம் தாங்காது என்று அப்போது தெரிந்தது. ஒரு பெயர் மீந்து நின்றது. அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும்.

"இங்கே இருக்கிறான்" என்றேன். "அது நான். என் தகப்பன் பெயரும் முனுசாமி."

தாசில்தார் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கள் அரசுக் கல்லூரியில் இருக்கிறீர்கள். எந்தப் பிரிவில் வேலைக்கு வந்தீர்கள்?"

"என் கையில் இருப்பது எந்தச் சான்றிதழ் என்று கேட்கிறீர்கள். இந்து ஆதிதிராவிடர்."

"நான் இதை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும் சார்."

"எழுதிக்கொள்ளுங்கள்."

பேனாவை எடுத்தவர் ஒரு கணம் தயங்கினார். "கூட்ரோட்டில் ஒரு கடைக்கு அந்தப் பெயரில் பலகை இருந்ததாக மனுவில் இருக்கிறதே?"

"என் பெயர்தான். சிநேகிதன் என் பெயரைத் தன் கடைக்கு வைத்தான்."

"ஏழுமலைக்குக் கோயிலில் என்ன பெயர்?"

அண்ணி என்னைப் பார்த்தாள். பெஞ்சமின் பார்த்தார். உனக்குத் தெரிந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"அவனுக்கு வேறு பெயரே கிடையாது" என்றேன்.

அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லும்போது எனக்குள் பொங்கிய களிப்பை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஐம்பது ஆண்டு குனிந்திருந்த முதுகு நிமிர்ந்ததைப்போல் இருந்தது. கடைசி விடையில்தான் தெரிந்தது, நான் நிமிர்ந்து நின்றது எதன்மேல் ஏறி என்பது. பிரம்படி வாங்கி, படிப்பை இழந்து, ஏணியின் உச்சியில் நின்று நீ காப்பாற்றிய ஒன்றை, கை வலிக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொண்டேன். நீ ஒரு நாளும் பார்த்ததே இல்லை என்று சொன்ன ஏழுமலையை உன் இடத்தில் உட்கார வைத்தேன். அரசாங்கக் கோப்பில் இனி நீ அவன்தான்.

போன வாரம் ரூத்துக்கு உத்தரவு வந்துவிட்டது: மனு தள்ளுபடி, பணி நீடிக்கும். அதைக் காட்ட என்னைக் கூட்ரோட்டுக்கு வரச் சொன்னாள். அண்ணியும் வந்திருந்தாள். உன் கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனிக்கு இடம் அளந்து கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லின் மேல் அண்ணி உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பது வருசம் அவரோட சண்ட போட்டேன் தம்பி, ஏழுமலைன்னு ஒரு வாட்டியாவது சொல்ல வெக்கணும்னு. முடியல. நீ ஒரே நாள்ல ஜெயிச்சுட்ட" என்றாள். பாராட்டு இல்லை, வசையும் இல்லை. பிறகு சாலையைப் பார்த்தபடி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ரூத்து உத்தரவை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அப்பா உயிரோட இருந்திருந்தா உங்கள அடிச்சிருப்பாரு சித்தப்பா."

"அடித்திருப்பான்."

"நான்தான் அடிக்க முடியாம இப்படி நிக்கறேன். எனக்காகத்தான்னு தெரியும். ஆனா இன்னிக்கு ஸ்கூல்ல ஒரு ஃபாரத்துல அப்பா பேரு எழுதும்போது கை நின்னுபோச்சு. முன்னயெல்லாம் ஏழுமலைன்னு எழுதுவேன், மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன், அப்பாவுக்கு உண்மையான பேரு வேற ஒண்ணு இருக்குன்னு. இப்ப எழுதனா அதுவே உண்மையாயிடுச்சு." பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அந்தப் பேர ஆபீசுக்காரங்ககிட்ட திருப்பிக் குடுத்துடாதீங்க சித்தப்பா. வெச்சுக்குங்க. எங்களுக்காகவாவது வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த நோட்டீசுக்கு விளக்கம் என்ன எழுதுவது என்று நண்பர்களான வக்கீல்கள் இருவர் மதியமே போனில் வழி சொன்னார்கள். சிறு வயதிலேயே தாய்மதம் திரும்பிவிட்டேன் என்று எழுதலாமாம். அந்தப் பதிவேட்டில் இருப்பது வேறொருவன் என்று எழுதலாமாம். நான் ஒரே வரிதான் எழுதப் போகிறேன்: அது என் பெயர். கூடவே அவர்களிடம் ஒன்று கேட்பேன். தண்ணீர் தெளித்த அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்தக் கிணறு எங்களுக்குத் திறந்தது, எந்த வாசல் திறந்தது, தேதி சொல்லுங்கள் என்று கேட்பேன். பதில் வராது. வேலை போகும். போகட்டும். நீ எட்டாவதில் செலுத்தியதை நான் ஐம்பத்து நான்கில் செலுத்துகிறேன்.

நம் தெருவில் இப்போது எல்லோரும் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். முதலில் கேலிக்காகத் தொடங்கியது பெஞ்சமின். இப்போது கேலி போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் யாரோ பின்னாலிருந்து, "யோனத்தான்" என்று குரல் கொடுத்தார்கள். நான் உடனே திரும்பவில்லை. எப்போதும் நீதான் முதலில் "இன்னா" என்பாய். அதற்கு இடம் விட்டு ஒரு கணம் நின்றேன். குரல் மறுபடியும் கேட்டது. அதன் பிறகுதான் திரும்பினேன்.